கார்விக் ஊரின் விறகு வெப்பக் குழுத் தலைவர்

கார்விக் ஊரில் பதவி கிடைக்க ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஊர்க்கூட்டத்துக்கு வராமல் இருக்க வேண்டும். வந்தவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் கூரையைப் பார்ப்பார்கள். யாருக்கும் வேண்டாத பதவி ஒன்று வந்ததும், கூட்டத்தை நடத்தும் தீவனக்கடை ஹோரஸ் டட்டன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்வையை ஓட்டி, இன்றைக்கு யார் வரவில்லை என்று தேடுவார். வராதவனின் பெயரை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் ஒரே குரலில் "ஆம்" என்பார்கள். பிறகு எல்லோரும் கோழி அப்பம் சாப்பிடப் போவார்கள். வேலித் தகராறு தீர்ப்பவர், நாய்களைக் கணக்கெடுப்பவர், குப்பைமேடு கண்காணிப்பாளர் எல்லோருமே அந்தந்த வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தவர்கள்தான். வெர்மான்ட் மலைகளில் இதற்கு மக்களாட்சி என்று பெயர்.

ஆரின் பெல்கி அந்த வருஷம் கூட்டத்துக்கு வராததற்குக் காரணம், மற்றவர்கள் வருவதற்காக அவன் சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்ததுதான். ஊரின் பனித்தள்ளு வண்டியை ஓட்டுபவன் அவன். மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது கோழி அப்பம் தீர்ந்து போயிருந்தது. ஹோரஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அவன் சமூக விறகு வெப்பக் குழுவின் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். குழுவில் வேறு யார் யார் என்று ஆரின் கேட்டான். வேறு யாரும் இல்லை, நடமாட முடிந்தவர்களில் வராதது அவன் ஒருவன்தான் என்றார் ஹோரஸ்.

அண்ணன் லெஸ்டருக்கு இதைக் கேட்டு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை. லெஸ்டர் முப்பது வருஷம் காட்டில் மரம் வெட்டியவன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய பீச் காட்டுமரம் நினைத்த பக்கம் சாயாமல் அவன் இடுப்பின் மேல் சாய்ந்தது. அதிலிருந்து ஸ்டோனி புரூக் சாலையின் கடைசியில் ஒரு டிரெய்லர் வீட்டில், ஒரு விறகடுப்போடும் இரண்டு ஊன்றுகோல்களோடும் தனியாக இருக்கிறான். வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்கிக் கொளுத்த அவனால் முடியாது. ஊர்ப் பணிமனைக்குப் பின்னால் ஆரின் நடத்தும் விறகு வங்கியிலிருந்து அவனுக்கு வருஷத்துக்கு மூன்று வண்டி விறகு போகும். புயலில் சாலையில் விழும் மரங்களை ஆரினும் இன்னும் இரண்டு பேரும் அறுத்து, பிளந்து, ஒரு வருஷம் முழுக்கக் காயவைத்து, அக்டோபரில் ஒன்பது வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். இதற்குக் கூட்டம் கிடையாது, குழு கிடையாது. அந்த மூன்று வண்டி இருந்தால் லெஸ்டர் ஏப்ரலைப் பார்ப்பான். இல்லாவிட்டால் ஜனவரி தாண்டுவது கஷ்டம்.

"தலைவரே, எழுந்து நிக்க முடியல, மன்னிக்கணும்" என்றான் லெஸ்டர், தம்பி உள்ளே வந்ததும். "குழாய்ல சுடுதண்ணி வருமாமே. வரட்டும்டா. வந்தா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக்கறேன். ஆறு வருஷமா கட்டிப் பிடிக்க ஒண்ணும் இல்ல."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய கொதிகலன் ஒன்றை வைத்து, சுற்றியிருக்கும் காட்டு விறகை அதில் எரித்து, சுடுதண்ணீரைச் சாலைக்கு அடியில் குழாய் வழியே வீடு வீடாக அனுப்புவது. ஆரினுக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஸ்டோனி புரூக் சாலைவரைக்கும் குழாய் போனால், தான் செத்த பிறகும் அண்ணனுக்குக் குளிராது என்று நினைத்தான். அப்படி நினைத்துத்தான் போட்ட கையெழுத்தையெல்லாம் போட்டான்.

மே மாதம் ஊரக விறகு வெப்ப வழிகாட்டு மையத்திலிருந்து அதன் இயக்குநர் மெரிடித் ஆஷ்கோம்ப் அம்மையார் வந்தார். சிவப்புக் கழுத்துத்துணி, புத்தம்புதிய காட்டுப் பூட்ஸ், பெட்டி நிறைய வண்ணத்தாள்கள். மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேடையில் ஏறாமல், ஊர்க்காரர்களுக்குச் சமமாக நிற்பதற்காக மேடைக்குக் கீழே நின்றார். அதனால் பின்வரிசைக்காரர்களுக்கு அவர் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"நாங்க உங்களுக்கு விறகு தர வரல" என்றார். "விறகு தர்றதை யார் வேணாலும் செய்யலாம். தர்றதுக்கு முன்னாடி என்னென்ன யோசிக்கணுமோ அதை நீங்க யோசிக்கிறதுக்கு உதவ வந்திருக்கோம். மையம் ஆரம்பிச்சுப் பதினாலு வருஷம் ஆகுது. முப்பத்தொரு ஊருக்கு வழிகாட்டியிருக்கோம். ஒரு ஊரைக்கூட அவசரப்பட்டுக் கொதிகலன் வைக்க விட்டதில்ல."

கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்து, கதகதப்பு என்றால் உங்களுக்கு என்ன என்று ஒரே சொல்லில் எழுதி சுவரில் ஒட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்து ஆசிரியை "நம்பிக்கை" என்று எழுதினாள். ஹோரஸ் "பாரம்பரியம்" என்று எழுதினார். ஆரின் "விறகு" என்று எழுதி ஒட்டினான். அம்மையார் அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் வருத்தத்தோடு நின்றார். இது நேராகத் தீர்வுக்குத் தாவிவிடுகிறது, நாம் இன்னும் கேள்வியின் ஓரத்தில்கூட நிற்கவில்லை என்று கனிவாகச் சொல்லி அதை மட்டும் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோடை முழுக்க இப்படியே போனது. ஜூன் மாதக் கூட்டத்தில் ஆகஸ்ட் கூட்டத்துக்கான நோக்கங்களை வகுத்தார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் அந்த நோக்கங்கள் ஊரின் குரலைப் பிரதிபலிக்கின்றனவா என்று பரிசீலித்தார்கள். இல்லை என்று தெரிந்ததால் ஊரின் குரலைத் திருத்தினார்கள். ஆரின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனான். போகாமலிருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

செப்டம்பரில் அடிப்படை அளவெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டவேண்டும். வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அது பதிவு செய்யும். வீடு வீடாகப் போய் மாட்டியது ஆரின்தான், தலைவரின் பொறுப்புகளில் அது நான்காவது. கடைசிப் பெட்டியை லெஸ்டரின் அடுப்புக்கு எதிரே மாட்டிவிட்டு வந்தபோது, அம்மையார் பணிமனைக்குப் பின்னால் விறகு வங்கியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த மேப்பிளும் ஓக்கும் கூரைக்கடியில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நல்ல விறகைக் கையால் தட்டினால் மணி மாதிரி ஓசை வரும். அவர் தட்டிப் பார்க்கவில்லை.

"இதை நிறுத்தணும் தலைவரே" என்றார். "நீங்க இலவசமாக் குடுத்தா ஜனங்க எரிச்சிடறாங்க. எரிச்சிட்டா அவங்களுக்கு எவ்வளவு தேவைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு குளிர்காலம், ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் உங்க உதவி இல்லாம இவங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்."

"அவங்கள்ல சில பேருக்கு வேற வழி கிடையாது மேடம்" என்றான் ஆரின்.

"அதுதான் எங்களுக்கு வேணும். கலப்படமில்லாத தகவல்."

கையெழுத்துப் போட மறுத்தால் கார்விக் திட்டப் பட்டியலிலிருந்து விலக்கப்படும், குழாய் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று அவர் நீட்டிய படிவத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. ஆரின் அதை இரண்டு தடவை படித்தான். ஸ்டோனி புரூக் சாலைக்கு அடியில் குழாய் ஓடுவதை நினைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அவனே ஒரு பூட்டு வாங்கி வந்து வங்கியைப் பூட்டி, சாவியை அம்மையாரிடம் கொடுத்தான். என்ன சொல்ல, மடையன்தான். ஆனால் கார்விக்கில் அன்றைக்கு அவனைத் தடுக்க வந்தவரும் யாருமில்லை.

அக்டோபரில் ஒன்பது வீட்டுக்கும் விறகு போகவில்லை. எட்டு வீட்டுக்காரர்கள் மகள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் தேவாலய நிலவறைக்கும் ஒதுங்கிக்கொண்டார்கள். லெஸ்டரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி ஆரின் மூன்று தடவை கூப்பிட்டான். லெஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பதில் ஒரு வீட்டிலாவது கடைசிவரை ஆள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வே செல்லாது என்று விதி இருப்பதை அவனும் படித்திருந்தான்.

"மத்தவன் எல்லாம் ஓடிட்டான். நானும் வந்துட்டா குழாய் போச்சு" என்றான். "அப்புறம் பெல்கி வீட்டு நொண்டியாலதான் ஊருக்குக் குழாய் வரலன்னு ஹோரஸ் ஆயுசு முழுக்கத் தீவனம் நிறுக்கும்போதெல்லாம் சொல்லுவான். போடா, போய்த் தலைமை தாங்கு."

போன வருஷத்து மிச்ச விறகை வைத்து காலையில் இரண்டு கட்டை, சாயங்காலம் இரண்டு கட்டை என்று லெஸ்டர் ஓட்டினான். ஆரின் சாலையோரத்தில் புதிதாக விழுந்த ஆஷ் மரத்தை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். பச்சை விறகு அடுப்பில் சீறியது, நுரை தள்ளியது, வீட்டைப் புகையால் நிரப்பியது. சூடு வரவில்லை. எங்கேயாவது காய்ந்த விறகு விலைக்குக் கிடைக்குமா என்று நான்கு ஊர்களில் விசாரித்தான். டிசம்பரில் காய்ந்த விறகு வைத்திருப்பவன் அதை விற்பதற்காக வைத்திருக்க மாட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அளவெடுப்பின் இடைக்கால முடிவுகள் வந்தன. அம்மையார் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். ஆளில்லாத எட்டு வீடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற எல்லா வீட்டுக் கோடும் மேலே போக, ஒரு கோடு மட்டும் தரையோடு தரையாகப் போனது. அது ஸ்டோனி புரூக் சாலைக் கடைசி வீடு. கார்விக்கிலேயே வெப்பத் தேவை மிகக் குறைவான குடும்பம் என்று அதை அறிவித்து, லெஸ்டர் பெல்கி பெயருக்கு மரச்சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார். கைதட்டல் அடங்கியதும் குழாய்ப் பாதையின் வரைபடம் வந்தது. குழாய் தபால் நிலையத்தோடு நின்றிருந்தது. தேவையே இல்லாத ஒரு வீட்டுக்காக ஸ்டோனி புரூக் சாலையைத் தோண்டுவது பொறுப்பற்ற செயல் என்று கீழே குறிப்பு இருந்தது.

ஆரின் எழுந்து, அந்த வீட்டில் சூடு தேவைப்படாமல் இல்லை, சூடு இல்லாமல் இருக்கிறது, வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டுகிறது என்றான். அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தனிமனித அனுபவங்களுக்கு அறிக்கையில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது என்றார்.

பத்திரத்தை லெஸ்டர் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். சட்டத்தை உடைத்தால் ஒரு வேளைக்கு ஆகும், ஆனால் மரியாதை தருகிறவர்களுக்கு அப்படிச் செய்யக்கூடாது என்றான். அளவெடுப்பு குளிர்காலம் முடியும்வரை இருக்கிறது, ஊருக்காவது குழாய் வரட்டும் என்று தம்பி வீட்டுக்கு வர அப்போதும் மறுத்தான். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

ஜனவரியில் செயல்விளக்க விழா. லாரியில் ஏற்றிய ஒரு கொதிகலனைப் பள்ளிக்கூட வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்தி, பக்கத்தில் பெரிய கூடாரம் போட்டு, மூன்று நாள் சொற்பொழிவு. வெளியூர்களிலிருந்து அறுபது பெரிய மனிதர்கள் வருகிறார்கள். கொதிகலனுக்கான விறகுச் சில்லு ஏற்றிய லாரி கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டது. அந்த வட்டாரத்திலேயே நன்றாகக் காய்ந்த விறகு ஒரே இடத்தில்தான் இருந்தது. அம்மையார் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

ஆரின் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது வீட்டு மேப்பிளும் ஓக்கும் ஒரு இயந்திரத்தின் வாய்க்குள் போய்ச் சில்லாகக் கொட்டியதைப் பார்த்தான். அண்ணனுக்கு உரிய மூன்று வண்டியை மட்டுமாவது விடச் சொல்லிக் கேட்டான்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது தலைவரே" என்றார் அம்மையார். "ஆனா ஒருத்தர் வீட்ல எரிஞ்சா ஒருத்தருக்குத்தான் சூடு. இங்க எரிஞ்சா அது எல்லாருக்கும் கல்வி. அதோட, உங்க அண்ணன் பாராட்டுப் பத்திரம் வாங்கினவர். அவர்கிட்ட போய் விறகைக் குடுத்தா அவர் சாதனையை நாமளே கெடுத்த மாதிரி ஆயிடும்."

வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆய்வறிக்கையின் ஒரு பிரதி இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், செங்கல் கனம், எல்லாப் பக்கமும் பளபளவென்ற வழவழப்புத்தாள். ஆரின் அதையும் ஒரு கூடை பச்சை ஆஷையும் அன்று மாலை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். லெஸ்டர் அறிக்கையைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, கடைசியில் அவர்கள் ஏதோ ஒன்று கொடுத்துவிட்டார்கள் என்றான். நாளைக்கு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டாவது போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு ஆரின் கிளம்பினான்.

அன்று இரவே புயல் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பெரிய மனிதர்கள் வரும் சாலையும் வண்டி நிறுத்துமிடமும் எந்நேரமும் சுத்தமாக இருக்கவேண்டும், மற்ற சாலைகள் விழா முடிந்த பிறகு என்று ஊராட்சி உத்தரவு போட்டிருந்தது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துமிடம் மூடிக்கொண்டது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆரின் அதைத் தள்ளினான். தள்ளும்போதெல்லாம் கூடாரத்தின் ஓரமாக வண்டி போகும். உள்ளே பெரிய மனிதர்கள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு டோனட் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் உள்ளே வெக்கை தாங்கவில்லை என்று புகார் வந்ததால் கூடாரத்தின் இரண்டு பக்கத் துணியையும் சுருட்டிக் கட்டச் சொன்னார்கள். அதைக் கட்டியதும் ஆரின்தான்.

நான்காம் நாள் காலை ஸ்டோனி புரூக் சாலையில் பனியைத் தள்ளிக்கொண்டு போனான். இடுப்பளவுப் பனி. டிரெய்லர் வீட்டின் புகைபோக்கியில் புகை இல்லை. லெஸ்டர் இருந்த உடுப்பையெல்லாம் மாட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பத்திரத்தின் சட்டத்தை உடைத்திருந்தான். ஊன்றுகோல் ஒன்றையும் வெட்டி எரித்திருந்தான். அடுப்பு நிறைய அறிக்கை. ஓரம் மட்டும் பழுப்பேறி, மற்றபடி எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்கும்படி இருந்தது. மடியில் அறிக்கையின் கடைசிப் பக்கமான கருத்துப் படிவம். இந்த அறிக்கை உங்களுக்கு எவ்வகையில் பயன்பட்டது என்ற கேள்விக்கு நேரே, பென்சிலால், ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தான்: "எரியல."

ஆரின் அண்ணனின் கையுறைகளைக் கழற்றி அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. எதிரே சுவரில் வெள்ளைப் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை பச்சையாக மின்னியது.

குளிர்காலத்தில் கார்விக்கில் யாரையும் புதைக்க முடியாது, மண் கல்லாகிவிடும். இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் கல்லால் கட்டிய ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, மே மாதம் மண் இளகியதும் இறக்குவார்கள். அந்தக் கல் அறையின் சாவியும் ஆரினிடம்தான் இருக்கும். லெஸ்டரை அங்கே வைத்தான்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தது. விறகு வெப்பத்தின் இரண்டாம் கட்டத்துக்குப் புதுத் தலைவர் தேவை என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். காய்ச்சல்காரர்கள் போர்வையோடு வந்தார்கள். முந்தின வாரம்தான் குடலிறக்க அறுவை முடிந்த ஒருவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

அம்மையார் முதலில் பேசினார். கார்விக் மற்ற ஊர்களுக்கு ஒரு முன்மாதிரி என்றார். விறகு வங்கியில் கையிருப்பு பூஜ்யமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விறகுப் புகை வரும் வீடுகளில் ஒன்று நிரந்தரமாகக் குறைந்திருக்கிறது. அறிக்கையைப் பற்றி வந்த ஒரே கருத்து, அதன் தீப்பாதுகாப்பைப் பாராட்டுகிறது. ஊர் இழந்த நண்பருக்காக முப்பது விநாடி மௌனம் அனுசரித்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவரே முடித்து வைத்தார்.

ஹோரஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். வாக்காளர் பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் குறி விழவில்லை. புதைத்த சான்று வந்தால்தான் எழுத்தர் பெயரை அடிப்பார், அது மேயில்தான் வரும். யாரோ முன்மொழிந்தார், யாரோ வழிமொழிந்தார். "ஆம்" என்று மண்டபம் முழுக்க ஒரே குரலில் எழுந்தது. "இல்லை" என்று ஒரு குரல் மட்டும் வந்தது, அது ஆரினுடையது.

"ஹோரஸ், அவன் செத்துட்டான்" என்றான் ஆரின். "நீயும்தானே வந்து அந்தக் கல் அறைக் கதவைப் பிடிச்சே."

"தெரியும்பா. எனக்கு வருத்தம் இல்லாம இல்ல. ஆனா வாக்கு எடுத்தாச்சு. மறுபரிசீலனைக்குத் தீர்மானம் கொண்டு வரணும்னா ஜெயிச்ச பக்கம் வாக்குப் போட்டவங்கதான் கொண்டு வர முடியும். நீ இல்லைன்னு சொன்னவன். 'ஆம்' சொன்னவங்க யாராவது எழுந்திரிச்சாப் போதும்."

ஆரின் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். அவன் யார் யார் வாசலில் பனி தள்ளினானோ, யார் யார் வீட்டில் விறகு இறக்கினானோ, அத்தனை பேரும் இருந்தார்கள். லெஸ்டரோடு சேர்ந்து காட்டில் மரம் வெட்டியவர்கள் இருந்தார்கள். லெஸ்டர் பெயர் போனால் தங்களில் ஒருவர் பெயர் வந்துவிடும். எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். ஹோரஸ் கூட்டத்தைச் சாப்பாட்டுக்குக் கலைத்தார். கோழி அப்பம் அந்த வருஷம் எல்லோருக்கும் கிடைத்தது.

வெளியே அம்மையார் படிவத்தோடு ஆரினிடம் வந்தார். புதுத் தலைவரின் இருப்பிடத்தில் அடிப்படை அளவு எடுக்கவேண்டும், முகவரி என்ன என்று கேட்டார்.

"கல்லறைத் தோட்டத்துல இருக்கற கல் அறை."

எழுதிக்கொண்டார். "எத்தனை பேர் இருக்காங்க?"

"இந்தக் குளிருக்கு நாலு பேர்."

"எதுல சூடு பண்ணிக்கறாங்க?"

"எதுலயும் இல்ல."

அம்மையார் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "புகார் ஏதாவது?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

அதையும் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து நீட்டினார். சாவி உங்களிடம்தானே இருக்கிறது, போகிற வழியில் அப்படியே மாட்டிவிடுங்கள் என்றார். அவள் மூஞ்சியில் அதை விட்டெறிய வேண்டும் என்றுதான் ஆரின் நினைத்தான். ஆனால் ஒரு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.